வெளுத்த துணியும் நீலத்தின் கதையும்



சென்ற தவணையில் எமது வகுப்பு மாணவி ஒருத்தி, "சேர், எனது ஜீன்ஸ் தோய்க்கத் தோய்க்க வெளுக்கிறது, நீல ரீசேர்ட் அப்படி வெளுக்கவில்லையே, ஏன்?" என வினவினாள். அவ்வினாவுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

நீலத்தின் இயல்பு

ஜீன்ஸ் தைக்கப்படும் டெனிம் துணியில் பாவு நூல் நீலம். ஊடை நூல் வெள்ளை. அந்நீலம், நம் முன்னோர் அவுரிச் செடியின் இலையிலிருந்து எடுத்த அதே பொருளே. இன்று பெரும்பாலும் தொழிற்சாலைகளில் ஆக்கப்படுகிறது. அது நீரிற் கரையாது. காரம் சேர்ந்த நீரில் அதனைத் தாழ்த்தலுக்கு உட்படுத்தினால் மஞ்சட்பச்சைக் கரைசலாகும். அதில் நூலைத் தோய்த்து வெளியே எடுத்ததும், காற்றிலுள்ள ஒட்சிசன் பட்டு நூல் நீலமாக மாறும். பலமுறை தோய்த்தாலும் நிறம் நூலின் புறத்தே வளையம்போற் படியுமேயன்றி நடுப்பகுதி வெள்ளையாகவே இருக்கும். ஆதலால் முழங்காலும் மடிப்பும் உராயுந்தோறும் உள்ளிருக்கும் வெள்ளை வெளிப்படுகின்றது.

நம் மண்ணின் சாயம்

நீலத்துக்கு அவுரி போன்று, சிவப்புக்கு நம்மிடம் சாயவேர் இருந்தது. மன்னார், யாழ்ப்பாணக் கரையோர மணல் நிலங்களில் வளரும் சிறு செடியின் வேர் அது. படிகாரம் சேர்த்தால் அதன் சிவப்பு பருத்தியில் உறுதியாகப் பற்றும். 1658 முதல் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர் அவ்வேரை அரசின் வருவாய்ப் பொருளாகவே கொண்டனர்.

ஹரோவில் துயிலும் இரசாயனவியலாளர்

1856 ஆம் ஆண்டு, கிழக்கு இலண்டன் ஷட்வெல்லில், பதினெட்டு வயது மாணவரான வில்லியம் ஹென்றி பேர்க்கின் தம் வீட்டு ஆய்வுகூடத்தில் மலேரியாவுக்கான குயினைனைச் செயற்கையாக ஆக்க முயன்றார். முயற்சி தோற்றது. எஞ்சிய கரிய படிவை மதுசாரத்தால் கழுவியபோது ஊதா நிறம் தோன்றியது. அதைப் பட்டில் ஏற்றிப் பார்த்தார், நிறம் நிலைத்தது. அடுத்த ஆண்டே கிறீன்போட்டில் கால்வாயோரம் தொழிற்சாலை எழுந்தது. 1907 இல் மறைந்த அவர் ஹரோவில் அடக்கம் செய்யப்பட்டுள்ளார்.

அவர் பயன்படுத்திய பொருளின் பெயர் அனிலின். நீலச்சாயத்திலிருந்து முன்னர் பிரித்தெடுக்கப்பட்டமையால், நீலத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லான 'அனில்' என்பதன் வழி அப்பெயர் வந்தது. அச்சொல்லோ அராபியர் வாயிலாக, நாம் வழங்கும் 'நீலம்' என்ற சொல்லின் மூலத்திலிருந்தே சென்றது. 1897 இல் ஜெர்மனியில் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தபின் அவுரித் தோட்டங்கள் நலிவுற்றன.

வீட்டில் சாயமூட்டும் முறை

1956 இல் பிரித்தானியாவில் வேறொரு வகைச் சாயம் விற்பனைக்கு வந்தது. அது பருத்தி இழையோடு இரசாயனப் பிணைப்பால் இணைவது. ரீசேர்ட் எளிதில் வெளுக்காமைக்குக் காரணம் இதுவே. கடைகளில் கிடைக்கும் சாயப்பொடிகள் பல இவ்வகையின.

1. துணியை உலர்ந்த நிலையில் நிறுத்துக்கொள்க. பின்னர் நன்கு கழுவுக. எண்ணெய்ப்பிசுக்கு இருப்பின் நிறம் திட்டுத்திட்டாகும்.
2. கையுறை அணிக. பொடியை இளஞ்சூட்டு நீரிற் கரைத்து, பொதியிற் கூறிய அளவு உப்பைச் சேர்க்க. நீரில் பருத்தியும் சாயமும் எதிர்மின்னேற்றம் கொண்டு ஒன்றையொன்று தள்ளும். உப்பு அத்தள்ளுகையைக் குறைக்கும்.
3. ஈரத்துணியை இட்டு இடைவிடாது கிளறுக. பொதி சலவைச்சோடா வேண்டுமெனில், அதை ஈற்றிற் சேர்க்க. பிணைப்பு அதனாலேயே நிகழும்.
4. நீர் தெளியும்வரை அலசுக. முதற் சலவையைத் தனியே செய்க.

கம்பளிக்கும் பட்டுக்கும் வேறு சாயம் உகந்தது. பொலியெஸ்ரர் இச்சாயங்களை ஏற்காது. கடுநிறத்தின்மேல் இளநிறம் ஏறாது. சிறுவர்கள் பெற்றோர் துணையின்றி இதனைச் செய்தலாகாது.

நாம் கண்டது

நாம் இந்நாட்டுக்கு வந்த புதிதில், பழந்துணிக் கடையில் வாங்கிய ஒரேயொரு கறுப்புக் காற்சட்டை எம்மிடம் இருந்தது. வேலைக்கான முதல் நேர்முகத்தின்போது அது சாம்பல் நிறமாகிவிட்டது. முதல்நாள் இரவு குளியலறையில் மனைவியார் வாளியில் சாயமிட்டார். விடிந்து பார்த்தால், துணி கறுத்திருந்தது. தையல் மட்டும் சாம்பலாகவே நின்றது. நூல் பொலியெஸ்ரர்! அதை மறைக்கக் கைகளை மடியில் வைத்தே அமர்ந்திருந்தோம். ஊரில் விஞ்ஞானம் கற்பித்த எமக்கு, அத்தையல் இங்கே கிடைத்த முதற்பாடம். வேலை கிடைக்கவில்லை, காற்சட்டை இன்னும் ஆறு ஆண்டுகள் உழைத்தது.

வெளுத்த உடுப்புடன் வரும் வகுப்புத் தோழனைக் கண்டு நகையாதீர். ஒரு வாளி நீரும் ஒரு பிடி உப்பும் போதுமென அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

பயிற்சி

1. டெனிம் வெளுப்பதேன்?
2. சாயமிடுகையில் உப்பின் பணி யாது?
3. பாவு, ஊடை, அவுரி, படிகாரம் ஆகிய சொற்களை வாக்கியங்களில் அமைக்க.
4. ஊரில் துணிக்கு எவ்வாறு நிறமூட்டினர் என்பதை வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டு எழுதுக.