பாலை நிற்கும் காணி

அன்புள்ள மருமகளுக்கு,

பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் உனக்கு நியமனம் கிடைத்திருக்கிறதென்று உன் அம்மா சொன்னா. மிகவும் சந்தோஷம் பிள்ளை. வன்னியில் காணிக் கோப்பில் போடும் கையெழுத்து எத்தனையோ உயிர்களின் தலையெழுத்தாகிவிடுகிறது. யானையைப் பற்றி உனக்கு எல்லாரும் சொல்வார்கள். கரடியைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள் என்பதால் நான் எழுதுகிறேன்.

இலங்கைக் கரடி தனியொரு துணையினம். இந்தத் தீவை விட்டால் அதற்கு வேறு காடு இல்லை. மொத்தமே ஆயிரத்துக்குள்தான் இருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, நாட்டின் நிலப்பரப்பில் 17 சதவீதத்துக்கும் குறைவான இடத்திலேயே அது வாழ்கிறது. அதிலும் ஏறத்தாழ 40 சதவீதம் மட்டுமே தேசியப் பூங்காக்களுக்கும் கடும் பாதுகாப்புள்ள ஒதுக்ககங்களுக்கும் உள்ளே இருக்கிறது. வில்பத்துவுக்கும் யாலவுக்கும் காவல் உண்டு. மிச்சக் காட்டில் ஒரு பங்கு, விண்ணப்பமும் வரைபடமுமாக உன் மேசைக்கு வரும்.

"பற்றைக்காடு, பயன்பாடு இல்லை" என்று எழுதிய கோப்பு வந்தால் கதிரையில் இருந்தபடி ஒப்பமிடாதே. போய்ப் பார். கறையான் புற்றுகள் தோண்டப்பட்டிருக்கின்றனவா என்று கவனி. கரடிக்கு மேல்தாடையில் நடு முன்பற்கள் இரண்டும் இல்லை. நீண்ட நகத்தால் புற்றை உடைத்து, மண்ணை ஊதித் தள்ளி, மூக்குத் துவாரத்தை மூடிக்கொண்டு, அந்தப் பல் இடைவெளியால் கறையானை உறிஞ்சி எடுக்கும். இரவில் அந்தச் சத்தம் நெடுந்தூரம் கேட்கும். குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு தாய் திரிவதும் இந்தக் காட்டில்தான்.

பிறகு மரங்களைப் பார். வைகாசி தொடங்கி ஆடி வரை பாலை பழுக்கும் காலம். நாங்கள் வாயெல்லாம் பால் ஒட்டத் தின்ற அதே மஞ்சள் பழத்துக்காகக் கரடி மரமேறும். பட்டையில் நகக்கீறல் நன்றாகத் தெரியும். வீரைப்பழமும் அதற்குப் பிடிக்கும். பாலை மிக மெதுவாக வளரும் மரம். பழத்துக்காகக் கொப்போடு வெட்டி விழுத்துகிறவர்களும், வைரத்துக்காக அடியோடு தறிக்கிறவர்களும் இருக்கிறார்கள். முதிர்ந்த ஒரு பாலை போனால் அந்த இடத்தை இன்னொன்று நிரப்ப எங்கள் ஆயுள் போதாது. மரக்கன்று நடுகை விழாவால் ஈடுசெய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

வஸ்கமுவ தேசியப் பூங்காவில் கரடிகளுக்கு ரேடியோப் பட்டி கட்டி ஆராய்ந்தார்கள். ஒரு பெண் கரடி நடமாடும் பரப்பு சராசரியாக 2.2 சதுர கிலோமீற்றர், ஆணுக்கு 3.8. ஏக்கரில் சொன்னால் பெண் கரடிக்கு ஐந்நூற்றுச் சொச்சம். உணவு செழித்த காட்டின் கணக்கு அது. மெலிந்த காட்டில் கூடுதலாகவே வேண்டியிருக்கும். ஒரே கோப்பில் முந்நூறு ஏக்கரை வெளியாக்கக் கேட்டு வந்தால், ஒரு தாயின் இருப்பிடத்தில் பாதிக்கு மேல் கேட்கிறார்கள் என்று விளங்கிக்கொள்.

இனிச் சொல்வது கடினமானது. இடம்பெயர்ந்து திரும்பி வந்த சனத்தின் வயலுக்குள்ளேயே வன எல்லைக்கல் நட்ட கதைகள் உனக்குத் தெரியும். அந்தக் கோபம் நியாயமானது. போருக்கு முன் உழுத காணியில் முப்பது வருஷத்தில் காடு மூடியிருந்தால், அதைக் காட்டி ஒரு குடும்பத்தை வெளியே நிறுத்துவது கரடிக்குச் செய்யும் உதவி ஆகாது. கரடிக்கு எதிரிகளைச் சேர்ப்பதே ஆகும். பழைய உறுதியையும் குளத்தையும் கிணற்றையும் பார்த்துத் தீர்ப்புச் சொல். ஆனால் அதே சனத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு, ஒருநாளும் உழாத பெருங்காட்டுக்குள் பெக்கோவோடு வருகிறவர்களும் உண்டு. 2020இல் எஞ்சிய காடுகளின் நிர்வாகத்தை மாவட்ட, பிரதேச செயலகங்களிடம் கொடுக்கச் சுற்றறிக்கை வந்தபோது சூழல் அமைப்புகள் நீதிமன்றம் போனது, இப்படி வருகிறவர்களுக்கு அது வழி திறந்துவிடும் என்ற பயத்தால்தான். திரும்பி வந்த குடும்பத்தையும் பெக்கோவோடு வருகிறவர்களையும் பிரித்தறிவதுதான் உன் வேலை.

கரடி கடித்து முகம் சிதைந்தவர்களை நீ ஊர்களில் காண்பாய். அவர்களுக்கு முன்னால் கரடியைப் புகழ்ந்து பேசாதே. இருந்து கேள். தேன் எடுக்கவும் வேட்டைக்கும் போய், பற்றைக்குள் படுத்திருந்த கரடியின் மேலேயே கால் வைக்குமளவு கிட்டப் போனவர்கள் அவர்களில் பலர். திடுக்கிட்டால் அது ஓடாமல் தலையையும் முகத்தையும் நோக்கிப் பாயும். தனியே போகாமல், கதைத்துக்கொண்டும் மரத்தில் தட்டிக்கொண்டும் போகச் சொல். பன்றிக்குக் கட்டும் கம்பித் தடத்திலும் கரடி மாட்டும். கிராமக் கூட்டங்களில் இதையும் சேர்த்துப் பேசு.

முதல் கள ஆய்வுக்குப் போகும்போது அலுவலக வாகனத்தில் வீதியோரம் நின்றுவிட்டுத் திரும்பாதே. அந்த ஊரில் தேன் எடுக்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு உள்ளே நட. புற்று, நீர்மடு, பொந்துள்ள பெரிய மரம், பாலை எல்லாவற்றையும் ஜிபிஎஸ் புள்ளியோடு அறிக்கையில் எழுது. எழுத்தில் இருப்பதை மேலதிகாரி இலகுவில் தள்ளமாட்டார். தள்ளினாலும் பிறகு வழக்காடுபவர்களுக்கு அது உதவும்.

அன்புடன்,
மாமா