தொடர்வண்டி ஏன் உடனே நிற்பதில்லை?

புதுதில்லிக்கும் சென்னைக்கும் இடையே உள்ள இருப்புப்பாதை ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் நீளமுடையது. கோடை விடுமுறையில் அப்பாதையில் செல்லும் வண்டிகளில் பெட்டிக்குப் பெட்டி தமிழ்க்குரல் கேட்கும். அத்தகைய வண்டி ஒன்றில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் தாத்தாவுடன் சென்னைக்குச் சென்றுகொண்டிருந்தாள். தாத்தா பல ஆண்டுகள் தொடர்வண்டி ஓட்டுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.

வண்டி நாகபுரியைக் கடந்து சிறிது நேரம் ஆகியிருந்தது. பாதையில் பழுதுபார்க்கும் பணி நடந்த ஓரிடத்தை நெருங்கியதும் வேகம் சட்டெனக் குறைந்தது. பேத்தியின் குவளையில் நிறைந்திருந்த தேநீர், வண்டி செல்லும் திசையில் சரிந்து விளிம்பைத் தாண்டிச் சிந்தியது. நடைபாதையில் நின்ற ஒருவர் முன்புறம் சாய்ந்து, படுக்கையின் சங்கிலியைப் பற்றிக்கொண்டார்.

“யாரும் தள்ளவில்லையே, தாத்தா! அவர் ஏன் சாய்ந்தார்?” என்று பேத்தி வியந்தாள்.

“தள்ளாததால்தான் சாய்ந்தார், அம்மா. வண்டியைப் பிரேக் பிடித்து நிறுத்துகிறது. அவரையும் உன் தேநீரையும் பிடித்து நிறுத்துவார் யார்? அவை பழைய வேகத்திலேயே முன்னே செல்கின்றன” என்றார் தாத்தா.

வெளியிலிருந்து விசை ஒன்று செயல்படாதவரை, நிற்கும் பொருள் நின்றுகொண்டே இருக்கும். நகரும் பொருள் அதே வேகத்தில் நேர்கோட்டில் நகர்ந்துகொண்டே இருக்கும். 1687ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் ஐசக் நியூட்டன் இதனை இயக்கத்தின் முதல் விதியாக வைத்தார். தன் நிலையைத் தானே மாற்றிக்கொள்ள இயலாத இப்பண்பைத் தமிழில் நிலைமம் என்பர். ‘நிலை’ என்னும் சொல்லிலிருந்து பிறந்தது அது. வேறு மொழியில் அறிவியல் கற்கும் மாணவர்க்கு இச்சொற்கள் புதியனவாகத் தோன்றலாம். உண்மையில் அவை வீட்டுச் சொற்களே. விசைத்தறி, விசைப்படகு என்பவற்றில் விசை இருக்கிறது. ‘மாட்டை முடுக்கினான்’ என்னும்போது முடுக்கம் இருக்கிறது. பேருந்து என்பதற்குள்ளும் ‘உந்து’ ஒளிந்திருக்கிறது. உந்தம் என்னும் அறிவியற்சொல் அதன் உறவுதான்.

தேநீரைத் துடைத்தபின் பேத்தி வெளியே பார்த்தாள். நான்கைந்து பேர் தலையில் சுமையுடன் தண்டவாளத்தைக் கடந்து சென்றனர்.

“எங்கள் ஊரிலும் அப்படித்தான், தாத்தா. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பள்ளி, இந்தப் பக்கம் குடியிருப்பு. மேம்பாலம் ஏறினால் நேரமாகிறது என்று நாங்கள் எல்லோரும் குறுக்கே போய்விடுவோம். தொலைவில் எங்களைக் கண்டதும் ஓட்டுநர் பிரேக் பிடித்துவிடுவார் அல்லவா?”

தாத்தா உடனே விடை கூறவில்லை. அவளுடைய குறிப்பேட்டையும் பென்சிலையும் வாங்கிக்கொண்டார்.

“மணிக்கு 108 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு எவ்வளவு?”

“30 மீட்டர்.”

“சரி. அவசரத்துக்குப் பிரேக் பிடித்தால் ஒவ்வொரு நொடியிலும் வண்டியின் வேகம் நொடிக்கு அரை மீட்டர் குறைவதாக வைத்துக்கொள். நிற்க எவ்வளவு நேரம் ஆகும்?”

“60 நொடி. ஒரு நிமிடமா!”

“அந்த ஒரு நிமிடமும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். தொடக்கத்தில் 30, முடிவில் சுழியம். சராசரி நொடிக்கு 15 மீட்டர். 60 நொடிக்கு?”

பேத்தி பெருக்கிப் பார்த்தாள். 900 மீட்டர் வந்தது. இதனோடு, ஓட்டுநர் கண்டு கைப்பிடியைத் திருப்புவதற்கும், பிரேக் குழாயில் காற்றழுத்தம் குறைந்து கடைசிப் பெட்டிவரை பிரேக் பற்றுவதற்கும் ஆகும் சில நொடிகளையும் சேர்த்தால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆகிவிடும். அவ்வளவு தொலைவில் நிற்கும் மனிதர் ஓட்டுநரின் கண்ணுக்கு ஒரு புள்ளிதான். ஓட்டுநரால் வண்டியை ஒதுக்கவும் முடியாது. திருப்புவதற்கு அவரிடம் சக்கரம் இல்லை.

“பாதி வேகத்தில் வந்தால் பாதித் தொலைவில் நின்றுவிடுமா?”

இக்கேள்வியில் பலர் தவறுவர். வேகம் பாதியானால் நிற்கும் நேரமும் பாதியாகி 30 நொடி ஆகும். ஆனால் சராசரி வேகமும் பாதியாகி 7.5 மீட்டர் ஆகிவிடுகிறது. இரண்டையும் பெருக்கினால் 225 மீட்டர், அதாவது நான்கில் ஒரு பங்கு. இதையே மறுபுறமாகக் கூறினால், வேகம் இருமடங்காகும்போது நிற்கும் தொலைவு நான்கு மடங்காகிறது. ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்து அமைவதே இதற்குக் காரணம்.

எஞ்சினும் பெட்டிகளும் பயணிகளும் சேர்ந்து 1,000 டன் நிறையுடைய வண்டி என்று கொள்வோம். மேற்கூறிய வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் 45 கோடி ஜூல் ஆகும். மின்கட்டண அட்டையின் கணக்கில் சொன்னால் 125 யூனிட். சிறிய வீடு ஒன்றுக்கு ஒரு மாதத்துக்கும் போதக்கூடிய அந்த ஆற்றலை ஒரே நிமிடத்தில் வண்டியிலிருந்து அகற்ற வேண்டும். ஆற்றல் அழிவதில்லை, பிரேக்கின் உராய்வால் அது வெப்பமாக மாறுகிறது. விரைந்து வந்த வண்டி நிலையத்தில் நின்றதும் சக்கரங்களின் அருகே எழும் சூட்டு நெடி அதன் அடையாளம். இக்கால மின் எஞ்சின்கள் சில, வேகத்தைக் குறைக்கும்போது தம் மோட்டார்களையே மின்னாக்கிகளாக மாற்றி, அந்த ஆற்றலில் ஒரு பகுதியை மேலே செல்லும் மின்கம்பிக்குத் திருப்பி அனுப்புகின்றன. ஒரு வண்டி வேகம் குறைக்க, அக்கம்பியில் மின்சாரம் பெறும் மற்றொரு வண்டி அதைக்கொண்டு ஓடலாம் என்பது வியப்புக்குரியது.

“இன்னும் பலமான பிரேக் வைத்தால் என்ன, தாத்தா?”

“வைத்தால் சக்கரம் சுழலாமல் நின்றுவிடும், வண்டி வழுக்கிக்கொண்டே போகும்” என்றார் அவர்.

எஃகு எஃகின்மேல் உருளும்போது ஆற்றல் மிகக் குறைவாகவே வீணாகிறது. ஒரே எஞ்சின் இருபதுக்கும் மேற்பட்ட பெட்டிகளை இழுப்பது அதனாலேயே. ஆனால் சாலையை ரப்பர் பற்றிக்கொள்வதுபோல எஃகு தண்டவாளத்தைப் பற்றிக்கொள்வதில்லை. மழை பெய்து தண்டவாளம் ஈரமானால் அந்தச் சிறு பற்றும் குறையும். அப்போது சக்கரத்தின் முன் மணலைத் தூவுவதற்கென்றே எஞ்சினில் மணற்பெட்டிகள் உண்டு.

வண்டி மீண்டும் வேகம் எடுத்தது. தாத்தா குறிப்பேட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

“ஒருநாள் காலை, பாதையைக் கடக்க ஒருவர் வந்தார். நேர் எதிரே வரும் வண்டி, மிக அருகில் வரும்வரை அசையாமல் நிற்பது போலவே தோன்றும். அவரும் அப்படித்தான் எண்ணியிருப்பார். ஒலிப்பான் ஒலித்தேன், பிரேக்கும் பிடித்தேன். நான் செய்ய வேண்டியதில் எதுவும் குறையவில்லை என்று பிறகு விசாரித்தவர்களும் சொன்னார்கள். வண்டி அந்த இடத்தைத் தாண்டி அரைக் கிலோமீட்டர் சென்றுதான் நின்றது.”

பேத்தி மேலும் கேட்க வாயெடுத்தாள். தாத்தாவின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டாள். சற்று நேரம் தண்டவாள ஒலி மட்டுமே கேட்டது.

“உங்கள் ஊர் மேம்பாலத்தில் எத்தனை படிகள், அம்மா?” என்று தாத்தாவே பேச்சைத் தொடங்கினார்.

“எண்ணியதில்லை, தாத்தா. ஊருக்குத் திரும்பியதும் எண்ணிக் கடிதம் எழுதுகிறேன்.”

பயிற்சி

1. தேநீர் வண்டி செல்லும் திசையில் சரிந்தது ஏன்? நின்ற வண்டி புறப்படும்போது அது எத்திசையில் சரியும்?

2. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, தாத்தா கூறிய அதே அளவில் வேகம் குறைந்தால், எத்தனை மீட்டர் ஓடி நிற்கும்?

3. இரண்டு பாதைகளைக் கடக்க ஒருவருக்கு 10 நொடி ஆகிறது. அந்நேரத்தில் மணிக்கு 108 கிலோமீட்டர் வேகமுள்ள வண்டி எவ்வளவு தொலைவு வந்துவிடும்?

4. விசை, முடுக்கு, உந்து, உராய் ஆகிய சொற்களை அறிவியல் அல்லாத பொருளில் அமைத்து வாக்கியங்கள் எழுதுக. வீட்டில் பெரியோரிடம் கேட்டு எழுதலாம்.

5. பேத்தி தாத்தாவுக்கு எழுதிய கடிதத்தை நீங்களே எழுதுக.