மல்லாரி கேட்கத் தெரிந்தவருக்கு மார்க்கெட் இருக்கிறது

தஞ்சாவூரில் இருந்துகொண்டே ஃப்ரீலான்ஸ் கலை விமர்சகராகப் பிழைக்க முடியுமா? முடியும். சினிமாவை மட்டும் நம்பினால் முடியாது. வெள்ளிக்கிழமை காலை 9 மணிக் காட்சியில் இடைவேளை விடுவதற்குள், சென்னையில் பிரஸ் ஷோ பார்த்தவரின் வீடியோ ஊரெல்லாம் சுற்றி முடித்திருக்கும். அந்த ரேஸில் ஓடாதீர்கள். வாடகைக்குச் சினிமா, பேருக்கு இசை என்று வாரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

1. போட்டி இல்லாத இடத்தில் கடை போடுங்கள். மார்கழி சீசனில் சென்னை சபாக்களில் விமர்சகர்களுக்குப் பஞ்சமில்லை. டெல்டா கோயில் உற்சவத்தில் ராத்திரி பதினொரு மணிக்குச் சுவாமி புறப்படும்போது வாசிக்கிற நாதஸ்வரத்தைப் பற்றி எழுத ஆளே இல்லை. அங்கே போய் நில்லுங்கள். ஆனால் ஹோம்வொர்க் முடித்துவிட்டுப் போங்கள். புறப்பாட்டில் முதலில் வருவது மல்லாரி. பெரும்பாலும் கம்பீர நாட்டை. சாகித்யம் கிடையாது. தேருக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று, தளிகைக்கு ஒன்று என்று வகைகள் உண்டு. “நாதஸ்வர இசை பக்தர்களைப் பரவசப்படுத்தியது” என்று எழுதுகிறவர்கள் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள். எந்த மல்லாரி, எந்தக் காலத்தில் தவில் தடுமாறியது, அடுத்த ராகத்தை எந்த வீதி முனையில் எடுத்தார் என்று எழுதுகிறவருக்குத்தான் எடிட்டர் மறுபடியும் போன் போடுவார்.

ஒரு நாள் லீவு போட்டு நரசிங்கம்பேட்டைக்கும் போய்வாருங்கள். அங்கே ஆச்சா மரத்தில் கடையும் நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உயர்ந்த சுருதி பேசும் குட்டைத் திமிரி எப்படிப் பின்தங்கியது, சுருதி இறங்கிய நீளமான பாரி எப்படி மேடைக்கு வந்தது, நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு அதில் என்ன பங்கு என்று பட்டறைக்காரர்களிடம் கேளுங்கள். ஒரு மத்தியானம் பேசினால் ஒரு வருடத்துக்கான மெட்டீரியல் கிடைக்கும்.

2. சினிமாவில் உங்கள் அட்வான்டேஜ் பின்கோடுதான். 2024 செப்டம்பரில் வந்த ‘மெய்யழகன்’ நல்ல கேஸ். சொந்த வீட்டை இழந்து தஞ்சாவூரை விட்டுப் போனவன், உறவுக்காரக் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிற கதை. நீளம் என்ற புகார் கிளம்பியதும், ரிலீசுக்குப் பிறகு சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். நீளம் என்று சொல்ல எந்த ஊர்க்காரராலும் முடியும். கல்யாண மண்டபப் பேச்சு நம் பக்கத்துப் பேச்சா, அந்த உபசரிப்பு இங்கே நடப்பதுதானா, வெட்டிய பிறகு எது போனது என்று சொல்ல உங்களால்தான் முடியும். முதல் நாள் விமர்சனத்தை விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு இப்படி ஒரு பீஸ் கொடுங்கள்.

தியேட்டர் வாசலில் மைக் நீட்டும் பிழைப்பு எப்படியும் நிச்சயமில்லை. 2024 நவம்பரில் ‘கங்குவா’ அடிபட்ட சூட்டில், யூடியூபர்களை வளாகத்துக்குள் விடாதீர்கள் என்று தயாரிப்பாளர் சங்கமே தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டது.

3. பொன்னாடையைத் தவிருங்கள். இதுதான் சின்ன ஊரின் பெரிய ஆபத்து. பாடியவர் உங்கள் மாமாவுக்குத் தெரிந்தவர், சபா செக்ரட்டரி உங்கள் பாங்க் மேனேஜர். முதல் வரிசையில் உட்காரவைத்து, காபி கொடுத்து, மேடையில் ஏற்றித் துண்டு போர்த்திவிட்டால் அப்புறம் ‘வர்ணத்தில் விறுவிறுப்பு இல்லை’ என்று எழுதக் கை வராது. எட்டாவது வரிசை, ஓர நாற்காலி, துக்கடா தொடங்கியதும் எழுந்துவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். காபி மட்டும் பரவாயில்லை என்பது என் கட்சி.

4. ஸ்வரம் தெரியாதவரும் படிக்கவேண்டும். மயிலாடுதுறை பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்த கல்கி, ‘கர்நாடகம்’ என்ற பெயரில் விகடனில் ஆடல் பாடல் பற்றி எழுதினார். கச்சேரிக்கே போகாதவர்களும் அந்த நகைச்சுவைக்காகப் படித்தார்கள். டெக்னிக்கல் விஷயத்துக்குப் பத்திக்கு ஒரு வரி போதும்.

5. வேலையை விடாதீர்கள். கலைஞர்களை நடுங்கவைத்த விமர்சகர் சுப்புடு, டெல்லியில் மத்திய அரசு ஊழியராக இருந்துகொண்டுதான் ஸ்டேட்ஸ்மனில் எழுதினார். சம்பளம் வேறு இடத்திலிருந்து வந்தால் பேனாவுக்குத் தைரியம் தானாக வரும்.

6. சட்டம் தெரிந்திருக்கட்டும். அவதூறைப் பற்றிய பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆம் பிரிவில் உங்களுக்கென்றே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பொதுமக்கள் முன் வைத்த நிகழ்ச்சியின் தரத்தைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வது அவதூறு ஆகாது. ‘மேல் ஸ்தாயியில் குரல் எட்டவில்லை’ என்று தாராளமாக எழுதலாம். ஏன் எட்டவில்லை என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்களே, அதை எழுதினால் வக்கீல் நோட்டீஸ்தான்.

7. ரேட்டை முன்கூட்டியே மெயிலில் வாங்குங்கள். பீஸ் போன அன்றே இன்வாய்ஸும் போகட்டும். டிடிஎஸ் பிடித்தால் கணக்கு வைத்து, ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்குங்கள்.

8. சீசனுக்கு முன்னால் ஓடுங்கள். திருவையாறு ஆராதனை பெரும்பாலும் ஜனவரியில் வரும். ஐடியாவைக் கார்த்திகையிலேயே எடிட்டருக்கு அனுப்பிவிடுங்கள். பஞ்சரத்தின கோஷ்டியைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். வெளியூரிலிருந்து பஸ் ஏறி வந்து, சில நிமிட ஸ்லாட்டில் பாடிவிட்டு இறங்குகிற இளம் பாடகர்களைப் பற்றி எழுதுகிறேன் என்று கேளுங்கள்.