பிள்ளையைக் களத்திலிருந்து அழைக்கத் தெரிந்த பயிற்றுநர்

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைச் சேர்ந்த ஊர்களில் மாலை வேளைகளில் பள்ளித் திடல்களிலும் அறுவடை முடிந்த வயல்களிலும் பிள்ளைகள் கால்பந்து ஆடுவதைக் காண்கிறோம். அவர்களுக்குப் பயிற்சி அளிப்போர் பெரும்பாலும் ஊர் இளைஞர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள், ஆர்வமுள்ள தந்தைமார். அவர்களுக்காகவும், உடல்நலக் குறையுள்ள பிள்ளையை விளையாட அனுப்பலாமா எனத் தயங்கும் பெற்றோருக்காகவும் இக்கட்டுரையை எழுதுகிறோம். பந்தை உதைக்கக் கற்பிப்பவர் பலர் உளர். ஆபத்து நேரத்தில் ஒரு பிள்ளையைத் தயக்கமின்றி வெளியே அழைப்பதே பயிற்றுநரின் முதற்கடமை என்பதே நாம் இங்கு வலியுறுத்துவது.

பயிற்சி தொடங்குமுன் பெற்றோர் சொல்ல வேண்டியவை

அணியில் இடம் கிடைக்காமற் போகுமோ என அஞ்சிப் பிள்ளையின் நோயை மறைக்கும் பெற்றோர் உண்டு. இவ்வச்சம் தேவையற்றது. ஆஸ்துமா, வலிப்பு, சர்க்கரை நோய் ஆகியவை கட்டுப்பாட்டில் இருக்குமாயின், மருத்துவரின் ஆலோசனையுடன் அப்பிள்ளைகளும் ஓடியாடலாம். ஆடுவதே அவர்களுக்கு நல்லது.

ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலர் வீட்டு அலமாரியில் இருந்து பயனில்லை. அது களத்தின் ஓரத்தில் இருக்க வேண்டும். இன்சுலின் செலுத்திக்கொள்ளும் பிள்ளைக்காகக் குளுக்கோஸோ சர்க்கரையோ பயிற்றுநரின் பையில் இருக்கட்டும். வலிப்பு நோயுள்ள பிள்ளை பந்தாடலாம். ஆனால் ஆட்டம் முடிந்தபின் ஏரியிலோ, குளத்திலோ, பம்புசெட் தொட்டியிலோ தனியே குளிக்க இறங்கலாகாது.

ஓடும்போது மயங்கி விழுந்த பிள்ளை, ஓடும்போது நெஞ்சுவலி வரும் பிள்ளை, குடும்பத்தில் இளவயதில் எவரேனும் திடீரென இறந்த பிள்ளை ஆகியோர் இ.சி.ஜி. முதலிய இதயப் பரிசோதனைகள் முடியும்வரை களமிறங்குதல் கூடாது.

காலும் காயமும்

விடுதலைக்குப் பின் இந்தியா ஆடிய முதல் ஒலிம்பிக் கால்பந்தாட்டம் 1948ஆம் ஆண்டு இலண்டனில் பிரான்சுக்கு எதிராக நடைபெற்றது. அப்போது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இந்திய வீரருள் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடி, 1–2 என்ற கணக்கில் தோற்றனர். அணித்தலைவர் தாலிமெரன் ஆவோ பின்னாளில் மருத்துவராகப் பணியாற்றினார்.

இன்றும் நம் பிள்ளைகளிற் பலர் வெறுங்காலுடனேயே ஆடுகின்றனர். முள்ளும் கண்ணாடித் துண்டும் கிடக்கும் திடலில் ஆட்டத்திற்கு முன் பயிற்றுநர் ஒருமுறை சுற்றி வருதல் நன்று. காயத்தைக் குழாய் நீரிலும் சோப்பிலும் நன்கு கழுவ வேண்டும். மண்ணோ காப்பித்தூளோ வைக்கலாகாது. 10, 16 ஆகிய வயதுகளில் அரசு வழங்கும் டி.டி. தடுப்பூசி போடப்பட்டதா எனப் பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காயத்தைக் குறைக்கும் எளிய வழி முறையான ஆயத்தப் பயிற்சியாகும். 7 முதல் 13 வயதுக்குட்பட்டோருக்கென அமைக்கப்பட்ட ‘ஃபிஃபா 11+ கிட்ஸ்’ பயிற்சி ஏறத்தாழ 20 நிமிடம் நீடிப்பது. ஒற்றைக்காலில் நிற்றல், குதித்து மெல்ல இறங்குதல், விழும் முறை அறிதல் ஆகியவை அதில் அடங்கும். ஐரோப்பிய நாடுகள் நான்கில் இதனை ஆராய்ந்தபோது காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. இதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை.

வெயில்

கோடையில் காலை 8 மணிக்கு முன்னரோ, மாலை வெயில் தணிந்த பின்னரோ பயிற்சி வைத்துக்கொள்ள வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் கால்மணிக்கு ஒருமுறை தண்ணீர் கொடுக்க வேண்டும். தண்ணீரை மறுப்பது பிள்ளையை உறுதிப்படுத்தாது.

வெயிலில் ஆடிய பிள்ளை உளறினாலோ, தள்ளாடினாலோ, உடல் நெருப்பாய்ச் சுட்டாலோ அது வெப்பத்தாக்கு எனக் கொள்க. முதலில் குளிர்விக்க வேண்டும். பின்னரே வண்டியில் ஏற்ற வேண்டும். நிழலில் கிடத்தி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள். நினைவு தெளியாத பிள்ளைக்கு வாய்வழி எதையும் கொடுக்கலாகாது.

தலையில் அடி

பயிற்றுநரின் மன உறுதி சோதிக்கப்படும் இடம் இதுவே. தலையில் அடிபட்ட பிள்ளை எழுந்து நின்று “எனக்கு ஒன்றுமில்லை அண்ணா” என்பான். ஆட்டம் சமநிலையில் இருக்கும். வெளியே நிற்போர் “ஆடட்டும், விடு” என்பர். மூளை அதிர்ச்சிக்கு ஆளானோரிற் பெரும்பாலோர் நினைவிழப்பதில்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வெறித்த பார்வை, எத்தனை கோல் விழுந்தன என்பது நினைவில்லாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றைய ஆட்டம் அப்பிள்ளைக்கு முடிந்தது. ஐயம் இருந்தாலும் வெளியே அழைப்பதே விதி. மூளை தேறுமுன் மீண்டும் அடிபட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

மீண்டும் மீண்டும் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கைகால் தளர்ச்சி, எழுப்பினாலும் தெளியாத உறக்கம் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். மற்றப் பிள்ளைகளையும் மருத்துவரிடம் காட்டுவது முறை. முதல் ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின் மெல்ல நடத்தல், பள்ளி செல்லல், தனியே ஓடுதல், பந்துடன் பயிற்சி எனப் படிப்படியாக முன்னேற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு நாளேனும் விட வேண்டும். மருத்துவர் இசைந்த பின்னரே ஆட்டம்.

பந்தைத் தலையால் முட்டுவதைச் சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்க விரைதல் வேண்டா. 10 வயதும் அதற்குக் குறைந்தோரும் தலையால் முட்டுவதை அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015இல் விலக்கியது. தொடக்கப்பள்ளி வயதினரின் பயிற்சியில் அது வேண்டாம் என 2020இல் இங்கிலாந்துச் சங்கமும் அறிவித்தது.

திடீரெனச் சரியும் பிள்ளை

2004 டிசம்பர் 5 அன்று பெங்களூரில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை இறுதியாட்டத்தில் இரு கோல் அடித்த டெம்போ அணியின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் களத்திலேயே சரிந்து உயிரிழந்தார். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் சரிந்த டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சனுக்குக் களத்திலேயே மார்பு அழுத்தமும் மின்னதிர்வும் அளிக்கப்பட்டன. அவர் பிழைத்ததோடு மறு ஆண்டே மீண்டும் ஆடினார். இதயம் நின்றபின் உதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது.

நம் ஊர்களில் ஒரு தனி இடர் உண்டு. இதயம் நின்றவரின் கைகால்கள் சில நொடிகள் வெட்டி இழுக்கலாம். அதனை வலிப்பெனக் கருதிச் சாவிக்கொத்தையோ இரும்பையோ கையில் திணித்துக் காத்திருப்பர். வலிப்புக்கும் இரும்பு மருந்தன்று. நின்ற இதயத்திற்கோ அக்காத்திருப்பே கேடு. அழைத்தும் அசையாமல், இயல்பாக மூச்சு விடாமல் கிடந்தால் ஒருவர் 108ஐ அழைக்க, மற்றவர் நடுமார்பில் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, மார்பின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு அமிழுமாறு விடாது அழுத்த வேண்டும். அவ்வப்போது எழும் திணறல் மூச்சை உண்மை மூச்சென எண்ணி நிறுத்தலாகாது.

இவ்வாரமே செய்யத்தக்கவை

பயிற்றுநர் ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு பிள்ளையின் நோய், மருந்து, பெற்றோரின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதி வைக்கட்டும். அணியில் இருவரேனும் மார்பு அழுத்தம் கற்கட்டும். களத்திற்கு ஆம்புலன்ஸ் வரும் வழியையும் அடையாளத்தையும் எல்லோரும் அறிந்திருக்கட்டும். பெற்றோரே, உங்கள் பிள்ளையை வெளியே அழைத்த பயிற்றுநரிடம் சினங்கொள்ளாதீர், நன்றி கூறுங்கள். தவறிய ஆட்டத்தை அடுத்த வாரம் ஆடிக்கொள்ளலாம்.