ஒலியால் காண்போம், துளியால் அறிவோம்

காண்பதற்கு ஒளி வேண்டும். கேட்பதற்கு ஒலி வேண்டும். இது சிறு குழந்தையும் அறிந்த உண்மை. ஆனால் ஒலியைக் கொண்டே காணவும், ஒரு துளிக் குருதியைக் கொண்டே உடலின் நிலையை உணரவும் இயலும் என்று அறிவியல் மெய்ப்பித்துள்ளது. உயிர்மருத்துவப் பொறியியல் எனப்படும் துறையின் இரு கிளைகளை இக்கட்டுரையில் காண்போம். ஒன்று மீயொலிப் படமுறை. இதனையே மக்கள் 'ஸ்கேன்' என்பர். மற்றொன்று நுண்புழை உயிர் உணர்விகள்; சர்க்கரை நோயாளர் தம் இல்லத்தில் பயன்படுத்தும் சிறு பட்டை இவ்வகையைச் சார்ந்ததே.

செவிக்கு எட்டாத ஒலி

வினாடிக்கு 20 முதல் 20,000 வரை அதிர்வுகள் கொண்ட ஒலியையே மனிதச் செவி கேட்கும். அதற்கு மேற்பட்டது மீயொலி. நாம் கேளாத அவ்வொலியை வௌவால் கேட்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலிய நாட்டுக் குருவும் அறிவியலாருமான லாசரோ ஸ்பல்லன்ஸானி, பார்வையிழந்த வௌவால்களும் எதிலும் மோதாமல் பறப்பதைக் கண்டு வியந்தார். செவியை அடைத்தால் அவை வழி தவறுகின்றன என்பதை 1794-இல் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் லூயி ஜுரீன் கண்டறிந்தார். செவியால் எவ்வாறு வழி காண முடியும் என்று அக்காலத்தவர் வினவினர். வௌவால் மீயொலியை எழுப்புகிறது என்பது 1938-இல்தான் அமெரிக்காவில் உறுதியாயிற்று. தான் எழுப்பிய ஒலியின் எதிரொலியைக் கேட்டே அது வழி அறிகிறது.

மனிதன் மீயொலியை எவ்வாறு உண்டாக்குவது? அதற்கு வழி காட்டியவர்கள் பிரெஞ்சுச் சகோதரர்களான ழாக் கியூரியும் பியரி கியூரியும் ஆவர். பின்னாளில் மேரி கியூரி அம்மையாரை மணந்தவர் இந்தப் பியரியே. குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றுகிறது என்று 1880-இல் அவர்கள் கண்டனர். அத்தகைய படிகத்திற்கு மின்சாரம் அளித்தால் அது சுருங்கி விரியும் என்பதும் அடுத்த ஆண்டே தெளிவாயிற்று. ஆகவே ஒரே படிகம் வாயாகவும் செவியாகவும் பயன்படும்! முதல் உலகப் போரின்போது, கடலுக்கடியில் ஒளிந்துள்ள நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்கப் பால் லான்ஷவான் என்னும் அறிஞர் இம்முறையைக் கையாண்டார். பின்னர், இரும்புத் தகடுகளில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்களைக் கண்டறியவும் இது உதவிற்று.

கொதிகலன் ஆலையிலிருந்து மருத்துவமனைக்கு

போருக்காகப் பிறந்த கருவி தாய்மாரைக் காக்க வந்த கதை சுவையானது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் இயன் டொனால்டு. போர்க்காலத்தில் விமானப் படையில் பணியாற்றிய அவர், எதிரொலியால் பொருளைக் காணும் முறைகளை அங்கே அறிந்திருந்தார். 1955-இல் அவர் அறுவையில் அகற்றப்பட்ட கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, கொதிகலன் செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்குச் சென்றார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு பெரிய இறைச்சித் துண்டும் உடன் சென்றது! இரும்பின் விரிசலைக் காட்டும் கருவி, நீர் நிறைந்த கட்டிக்கும் தசை நிறைந்த கட்டிக்கும் உள்ள வேறுபாட்டையும் காட்டியது.

குணப்படுத்த இயலாத வயிற்றுப் புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணை அவர் இம்முறையால் ஆராய்ந்தார். உள்ளே இருந்தது புற்றுநோயன்று. சினைப்பையில் தோன்றிய பெரிய நீர்க்கட்டி என்று எதிரொலி கூறிற்று. கட்டி அகற்றப்பட்டது, அப்பெண் உயிர் பிழைத்தார். மருத்துவர் ஜான் மக்விகார், இளம் பொறியாளர் டாம் பிரவுன் ஆகிய இருவருடன் அவர் எழுதிய கட்டுரை 1958-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது.

அக்காலத்தில் கருவுற்ற தாய்மாருக்கும் எக்ஸ்-கதிர்ப் படம் எடுப்பது வழக்கமாக இருந்தது. அவ்வாறு படம் எடுக்கப்பட்ட தாய்மாரின் குழந்தைகளுக்குப் புற்றுநோய் மிகுதியாக வருகிறது என்று ஆலிஸ் ஸ்டூவர்ட் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் 1956-இல் எச்சரித்தார். பலர் முதலில் ஏற்க மறுத்தனர். அவரோ மனந்தளராது மேலும் சான்றுகளைத் திரட்டினார். எக்ஸ்-கதிருக்கு மாற்றாக மீயொலி கிடைத்தது எத்துணைப் பெரும் பேறு!

எதிரொலி படமாவது எப்படி?

நம் உடலின் மென்மையான பகுதிகளில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் விரைவில் செல்கிறது. மருத்துவர் தோல்மேல் வைக்கும் கருவி ஒரு சிறு ஒலித் துடிப்பை உள்ளே அனுப்புகிறது. எதிரொலி 100 மைக்ரோ வினாடியில், அதாவது வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கில், திரும்புகிறது என்று கொள்வோம். அந்நேரத்தில் ஒலி சென்ற தூரம் 15.4 செ.மீ. இது போகவும் வரவும் ஆன தூரம். எனவே எதிரொலித்த இடம் 7.7 செ.மீ. ஆழத்தில் உள்ளது. இவ்வாறு பல திசைகளில் துடிப்புகளை அனுப்பி, திரும்பும் ஒவ்வோர் எதிரொலியையும் ஒரு புள்ளியாக வைத்தால், புள்ளிகள் சேர்ந்து படமாகின்றன. புள்ளி வைத்துக் கோலமிடும் நமக்கு இது எளிதில் விளங்குமன்றோ?

ஸ்கேன் எடுக்குமுன் வயிற்றில் பசை போன்ற ஒன்றைத் தடவுவது ஏன்? தோலுக்கும் கருவிக்கும் இடையே சிறிது காற்று இருந்தாலும் ஒலி முழுவதும் அங்கேயே திரும்பிவிடும். அப்பசை காற்றை நீக்கி ஒலிக்கு வழி அமைக்கிறது. காற்று நிறைந்த நுரையீரலின் உட்பகுதியை மீயொலியால் தெளிவாகக் காண இயலாததற்கும் இதுவே காரணம்.

ஒரு துளி கூறும் செய்தி

இனித் துளியின் பெருமையைக் காண்போம். விளக்குத் திரியில் எண்ணெய் தானே மேலேறுகிறது. மையொற்றும் தாளில் மை பரவுகிறது. இதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர். மயிரிழை போன்ற வழிகளில் நீர்மம் செல்வதற்குப் பம்பு வேண்டுவதில்லை. இவ்வியல்பைக் கொண்டே மிகச் சிறு ஆய்வுக்கூடங்களைப் பொறியாளர் படைக்கின்றனர்.

உயிர் உணர்விகளின் தந்தை எனப் போற்றப்படுபவர் அமெரிக்க அறிஞர் லேலண்டு கிளார்க். குளுக்கோஸை மட்டுமே தேர்ந்து வினைபுரியும் நொதியை மின்வாயுடன் இணைக்கும் முறையை அவர் 1962-இல் வெளியிட்டார். இன்று சர்க்கரை அளக்கும் பட்டையின் நுனியைக் குருதித் துளியில் தொட்டவுடன், நுண்ணிய வழியொன்று குருதியை உறிஞ்சுகிறது. அதற்கு ஒரு மைக்ரோ லிட்டரோ அதனினும் குறைவோ போதும். ஒரு சாதாரண நீர்த்துளியில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு! பட்டையிலுள்ள நொதி குளுக்கோஸுடன் வினைபுரிகிறது. அதனால் எழும் சிறு மின்னோட்டத்தைக் கருவி அளந்து எண்ணாகக் காட்டுகிறது. பழம் தின்ற விரலைக் கழுவாமல் குத்திச் சோதித்தால், விரலில் ஒட்டிய சர்க்கரையும் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதை இல்லத்தில் உள்ள பெரியோருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

2007-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஒயிட்சைட்ஸ் குழுவினர் வெறும் தாளிலேயே இத்தகைய ஆய்வுக்கூடத்தை அமைத்தனர். வயலில் வரப்புக் கட்டி வாய்க்கால் வழியே நீர் பாய்ச்சுவதுபோல், தாளில் நீர் ஊறாத பொருளால் வரப்பு அமைத்து, நீர்மத்தைப் பல சிறு பாத்திகளுக்குப் பிரித்தனர். ஒரு பாத்தியின் நிறமாற்றம் குளுக்கோஸையும் மற்றொன்றின் நிறமாற்றம் புரதத்தையும் காட்டும். கருவுற்ற தாயின் சிறுநீரில் புரதம் தோன்றுவது தாய்க்கும் சேய்க்கும் வரவிருக்கும் ஆபத்தின் அறிகுறியாகலாம். ஆய்வுக்கூடம் இல்லாத சிற்றூரில் ஒரு துண்டுத் தாள் அதனை முன்கூட்டியே அறிவிக்குமாயின், அதன் மதிப்பைப் பொன்னால் அளக்க இயலுமோ?

பொத்தானின் இரு துளைகளில் நூல் கோத்து இழுத்துச் சுழற்றும் விளையாட்டை நாம் அறிவோம். அதே தத்துவத்தைக் கொண்டு, குருதியின் செல்களையும் நீர்மப் பகுதியையும் பிரிக்கும் தாள் சுழலியை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர் 2017-இல் உருவாக்கினர். அதன் எடை இரண்டே கிராம்! மின்சாரமும் வேண்டாம். விளையாட்டுப் பொருளிலும் அறிவியல் ஒளிந்திருக்கிறது. காண்பதற்குக் கண் வேண்டும்.

கருவியும் கையும்

நம் நாட்டில் எந்த ஸ்கேன் நிலையத்திற்குச் சென்றாலும் ஓர் அறிவிப்புப் பலகையைக் காணலாம். கருவிலுள்ள குழந்தை ஆணா பெண்ணா என்று இங்குக் கூறப்படமாட்டாது. அது சட்டப்படி குற்றம் என்று அதில் எழுதியிருக்கும். அப்பலகை ஏன் வேண்டியதாயிற்று? உயிரைக் காக்க வந்த இக்கருவியைக் கொண்டே, பெண் என்று அறிந்ததும் கருவை அழித்தவர்கள் இருந்தனர். ஆறு வயதுக்குட்பட்டோரில் 1,000 ஆண் குழந்தைகளுக்கு 1981-இல் 962 பெண் குழந்தைகள் இருந்தனர். 1991-இல் அது 945 ஆகவும், 2001-இல் 927 ஆகவும் குறைந்தது. அந்த எண்களுக்குப் பின்னால், நம்மோடு வகுப்பில் அமர்ந்திருக்க வேண்டிய எத்தனையோ சகோதரியர் இல்லாமற் போயினர். 1994-இல் இயற்றப்பட்ட சட்டம் 1996 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு ஸ்கேன் கருவியையும் பதிவு செய்ய வேண்டும். பாலினத்தைக் கண்டு கூறுவோருக்குச் சிறைத் தண்டனை உண்டு.

எதிரொலி பொய் சொல்வதில்லை. துளியும் பொய் சொல்வதில்லை. அவை தரும் செய்தியைக் கொண்டு என்ன செய்வது என்பதை மனிதனே முடிவு செய்கிறான். ஆகவே அறிவியல் கற்பவர் அறத்தையும் உடன் கற்க வேண்டும். ஒரு பெண்ணின் உயிரைக் காத்ததும் இதே எதிரொலிதான் என்பதை நாம் மறத்தலாகாது.

இத்துறையில் நுழைய விரும்பும் மாணவியர் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் ஒருசேர விரும்பிக் கற்றல் வேண்டும். கிளாஸ்கோவில் மருத்துவரும் பொறியாளரும் கைகோத்ததால்தான் அக்கருவி பிறந்தது. நாளை நம்மில் ஒருத்தி படைக்கும் கருவி, மருத்துவமனை எட்டாத ஊரில் ஒரு தாயைக் காக்கட்டும்!

செய்து பாருங்கள்

1. வடிகட்டும் தாளின் நடுவே மெழுகால் இரு கோடுகள் வரைந்து, தாளை இலேசாகச் சூடாக்கி மெழுகை ஊறச் செய்யுங்கள். ஆறியபின் கோடுகளுக்கு இடையே ஒரு துளி மை விடுங்கள். மை எவ்வழி செல்கிறது? ஏன்?

2. எதிரொலி 130 மைக்ரோ வினாடியில் திரும்பினால், எதிரொலித்த இடம் எவ்வளவு ஆழத்தில் உள்ளது? (விடை: ஏறத்தாழ 10 செ.மீ.)