முதல் விரல் வைத்த இடமெல்லாம் ரூட் ஆகாது

"முதல் விரல் எங்கே விழுகிறதோ அதுதான் ரூட் நோட். பாக்ஸை மனப்பாடம் பண்ணினால் போதும், மற்றதெல்லாம் தியரி." அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று எங்கே கிட்டார் பிடிக்கும் பிள்ளைகளைப் பார்த்தாலும் இதே பேச்சு. ரீல்ஸில் ஒருவர் சொல்கிறார், அதை ஒரு மாடி வகுப்பில் ஜெராக்ஸ் எடுத்து நீட்டுகிறார்கள், சில மாதம் கழித்து அந்தப் பிள்ளை சர்ச் கொயரில் உட்காரும்போது, "எந்த ஸ்கேல் தம்பி வாசிக்கிற?" என்று கீபோர்டுக்காரர் கேட்டால் பதில் வருவதில்லை. தவறு பிள்ளையுடையது இல்லை, சொல்லிக்கொடுத்தவருடையது. அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

எல்லாரும் முதலில் கற்கும் ஜி மேஜரையே எடுத்துக்கொள்வோம். இடது கை இரண்டாவது ஃபிரெட்டில் நிற்கிறது. இரண்டுக்கு ஆள்காட்டி விரல், மூன்றுக்கு நடுவிரல், நான்குக்கு மோதிர விரல், ஐந்துக்குச் சுண்டு விரல். ஆறாவது கம்பியில் ஆள்காட்டி விரல் அழுத்துவது எஃப் ஷார்ப். ரூட்டான ஜி, அதாவது இந்த ஸ்கேலின் ஸட்ஜம், அதற்கு அடுத்த ஃபிரெட்டில், நடுவிரலில் இருக்கிறது. பாக்ஸ் என்று அச்சடித்துக் கொடுக்கும் படத்தில் எல்லாப் புள்ளியும் ஒரே கறுப்பாக இருந்தால், பிள்ளை முதல் புள்ளியில் தொடங்கி, ஒன்றாவது கம்பியின் ஐந்தாவது ஃபிரெட்டில், அதாவது ஏ-யில், கொண்டுபோய் நிறுத்தும். நிஷாதத்தில் ஆரம்பித்து ரிஷபத்தில் முடிக்கிறது. பாட்டுக் கிளாஸில் ஒரு நாள்கூட யாரும் இதை அனுமதிக்க மாட்டார்கள். கிட்டார் என்றால் மட்டும் ஏன் விட்டுவிடுகிறோம்?

இந்த பாக்ஸில் ஜி மூன்று இடத்தில் வருகிறது: ஆறாவது கம்பி மூன்றாவது ஃபிரெட், நான்காவது கம்பி ஐந்தாவது ஃபிரெட், ஒன்றாவது கம்பி மூன்றாவது ஃபிரெட். முதலும் கடைசியும் நடுவிரலுக்கு, இடையில் இருப்பது சுண்டு விரலுக்கு. மூன்றில் ஒன்றுகூட ஆள்காட்டி விரலுக்கு வரவில்லை.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு ஒரு நடைமுறை விஷயம். பாடுகிறவருக்கு ஜி தாழ்ந்துவிடுகிறது, "ஏ-யில் எடு" என்கிறார். ரூட் தெரிந்த பிள்ளை நடுவிரலை ஆறாவது கம்பி ஐந்தாவது ஃபிரெட்டுக்கு நகர்த்தும், வேலை முடிந்தது. முதல் விரல்தான் ரூட் என்று நம்பிய பிள்ளை ஆள்காட்டி விரலை அந்த ஐந்தில் வைக்கும். ரூட் ஆறாவது ஃபிரெட்டுக்குப் போய்விடும், மொத்த ஸ்கேலும் அரை ஸ்வரம் ஏறிவிடும். குழுவே ஏ-யில் பாட, இது மட்டும் ஏ ஷார்ப்பில் அலறும்.

"ஏ மைனர் பென்டடானிக்கில் சரியாக வருகிறதே?" என்பார்கள். வருகிறது. ஐந்தாவது ஃபிரெட்டில் ஆள்காட்டி விரல் வைத்தால் அங்கே ஏ இருக்கிறது. அந்த ஒரு பாக்ஸில் தற்செயலாகப் பொருந்துவதால்தான் இந்த வதந்தி உயிரோடிருக்கிறது. ஆனால் அதே பாக்ஸை வைத்தே இதை உடைக்கலாம். அதில் இருப்பவை ஏ, சி, டி, இ, ஜி என்ற ஐந்து ஸ்வரங்கள். போனில் ஒரு தம்புரா ஆப்பைத் திறந்து சுருதியை ஏ-யில் வைத்து வாசியுங்கள். சுத்த தன்யாசி கேட்கும். கையை இம்மியும் நகர்த்தாமல் சுருதியை மட்டும் சி-க்கு மாற்றுங்கள், மோகனம் கேட்கும். அதே ஃபிரெட், அதே விரல்கள். இப்போது ரூட் ஆறாவது கம்பியின் எட்டாவது ஃபிரெட்டில், சுண்டு விரலில் இருக்கிறது. விரல் வைத்த வரிசை ரூட்டைத் தீர்மானிக்கிறது என்றால் இது எப்படி நடக்கும்?

நம் சங்கீதத்தில் இதற்குக் கிரக பேதம் என்று பெயர். மோகனத்தின் ரிஷபத்தை ஸட்ஜமாக வைத்தால் மத்யமாவதி, காந்தாரத்தை வைத்தால் ஹிந்தோளம், பஞ்சமத்தை வைத்தால் சுத்த சாவேரி, தைவதத்தை வைத்தால் சுத்த தன்யாசி. சங்கராபரணத்துக்கும் நடபைரவிக்கும் உள்ள உறவுதான் சி மேஜருக்கும் ஏ மைனருக்கும். ஒரு நரம்பை விட்டு இன்னொன்றைக் குரலாக, அதாவது ஆதார ஸ்வரமாகக் கொண்டால் வேறொரு பாலை பிறக்கும் என்பது சிலப்பதிகார உரைகள் விரிவாகப் பேசும் செய்தி. இவ்வளவு பழைய அறிவைக் கையில் வைத்துக்கொண்டு, ரூட் நோட் மேல்நாட்டுத் தியரி என்று தள்ளுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பழகும் முறை எளிது. ஸ்கேலை ரூட்டில் தொடங்குங்கள், பாக்ஸின் மேல் எல்லைவரை போங்கள், திரும்பி வந்து ரூட்டுக்குக் கீழே இருக்கும் ஸ்வரத்தையும் தொட்டு, ரூட்டிலேயே நிறுத்துங்கள். ரூட் வரும்போதெல்லாம் வாய்விட்டு "ஸ" என்று பாடுங்கள். குரல் நன்றாக இல்லை என்று யாரும் கூச்சப்பட வேண்டாம். காதுக்கு வீடு தெரிந்தால் விரல் தானாக அங்கே திரும்பும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இத்தனை இடம் தேவையில்லை.

"பெரிய ஆட்கள் எல்லாம் கேள்வி ஞானம்தான்." இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் முறையாகப் படித்தவர், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வை எழுதித் தேறியவர். இதற்கு மேல் என்ன சொல்ல?

"ஒரு ஃபிரெட்டுக்கு ஒரு விரல், மீறவே கூடாது." நல்ல விதிதான், ஆனால் கையின் அளவைப் பார்க்க வேண்டும். 65 செ.மீ. கம்பி நீளமுள்ள கிட்டாரில் முதல் ஃபிரெட்டின் அகலம் சுமார் 36 மி.மீ., ஐந்தாவது சுமார் 29 மி.மீ. சின்னப் பிள்ளையை முதல் ஃபிரெட்டில் விரித்துப் பிடிக்கச் சொல்லி மணிக்கட்டை வலிக்கவைக்காதீர்கள். அதே மேஜர் பாக்ஸை நடுவிரல் எட்டாவது ஃபிரெட்டில் வரும்படி வைத்தால் சி மேஜர், அங்கே தொடங்கட்டும்.

"சுண்டு விரல் பலவீனம், விட்டுவிடலாம்." விரலை உயர்த்தத் தனித் தசை இருப்பது ஆள்காட்டி விரலுக்கும் சுண்டு விரலுக்கும்தான். நடுவிரலும் மோதிர விரலும் பொதுத் தசையை நம்பியிருக்கின்றன. சுண்டு விரலுக்குப் பழக்கம் போதவில்லை, அவ்வளவே. உடனே கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டை இழுப்பார்கள்: இரண்டே விரலில் வாசித்தாராமே! 1928இல் தீ விபத்தில் இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் சேதமானதால் அவர் வேறு வழியில்லாமல் அப்படி வாசித்தார். கார்டு பிடிக்க அந்த விரல்களையும் முடிந்தவரை பயன்படுத்தினார். நல்ல விரலை வைத்துக்கொண்டு சோம்பேறித்தனத்துக்கு அவர் பெயரைச் சொல்லக் கூடாது.

பிளாக் சாபத் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி கதையும் அதுதான். பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் ஆலையில் 17 வயதில் இயந்திரம் அவருடைய இரண்டு விரல் நுனிகளை எடுத்துவிட்டது. அவர் இடது கைக்காரர், கம்பியை அழுத்துவது வலது கை. போனது அந்தக் கையின் நடுவிரலும் மோதிர விரலும். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். இதை எழுதும்போது அம்பத்தூர் எஸ்டேட் நினைவுக்கு வராமல் இருக்காது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலரின் அப்பாக்கள் பிரஸ் ஷாப்பில் நிற்கிறார்கள். இயந்திரத்துக்குத் தடுப்பு போட வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது. இரண்டு கையாலும் பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும் என்ற அமைப்பும் புதிது அல்ல. உற்பத்தி குறைகிறது என்று அதைக் கழற்றிவைக்கும் சூப்பர்வைசரிடம் தயவுசெய்து சண்டை போடுங்கள். விரல் போனபின் உறை செய்து சாதிப்பவர் லட்சத்தில் ஒருவர்.

வகுப்பு நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஸ்கேல் படத்தை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுக்கும் முன், சிவப்புப் பேனாவை எடுத்து மூன்று ரூட் நோட்டையும் வட்டமிடுங்கள். பக்கத்தில் எந்த விரல் என்று எண் போடுங்கள். ஜெராக்ஸில் சிவப்பு கறுப்பாகத்தான் வரும், ஆனால் வட்டம் தெரியும். பெற்றோரே, உங்கள் பிள்ளை ஸ்கேல் வாசித்து முடித்ததும் "இதில் ஸ எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். விரலை வைத்துக் காட்டத் தெரியாவிட்டால், அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள்.