விற்கத் தெரியும், கடையை நடத்தத் தெரியுமா? அக்காவின் 7 டிப்ஸ்

தங்கச்சி, ஜவுளிக்கடை, சூப்பர் மார்க்கெட் என்று எங்கே போனாலும் கவுன்டரில் நிற்பது பெரும்பாலும் நம் பெண்கள்தான். மேனேஜர் அறையில் மட்டும் நம்மைத் தேட வேண்டியிருக்கிறது. விற்பனை நம்மிடம், கணக்கு வேறொருவரிடம் என்று இருக்கும்வரை இது மாறாது. கணக்கு யார் கையில் இருக்கிறதோ, அவர் சொல்வதுதான் கடையில் எடுபடும். அதனால் சேல்ஸில் இருக்கும்போதே கணக்கைப் பிடித்துக்கொள்.

1. மூன்று எண்களைத் தினமும் எழுது
உள்ளே வந்தவர்கள், விழுந்த பில், மொத்த விற்பனை. சனிக்கிழமை 400 பேர் வந்து 120 பில் விழுந்தால் கன்வர்ஷன் 30 சதவீதம். விற்பனை 1,80,000 ரூபாய் என்றால் சராசரி பில் 1,500. அடுத்த வாரம் விற்பனை இறங்கினால் "கூட்டமே இல்லை சார்" என்பார்கள். "அதே 400 பேர் வந்தாங்க சார். ட்ரயல் ரூமில் க்யூ நின்னதால பில் 90 ஆயிடுச்சு" என்று நீ சொல்லிப் பார். அடுத்த மீட்டிங்கில் உன்னைத்தான் முதலில் கேட்பார்கள்.

2. ரேக்கை விலக்கிப் பார்
குர்த்தி ரேக் நிறைந்திருக்கும். விலக்கினால் தொங்குவதெல்லாம் எஸ், டபுள் எக்ஸெல். எம், எல் காலி. கம்ப்யூட்டர் 40 பீஸ் என்று காட்டும். எம், எல் கேட்டு வருகிறவர்கள் வெறுங்கையோடு போவார்கள். இதுதான் சைஸ் கட். குடோனிலோ பக்கத்துக் கிளையிலோ இருந்தால் அன்றே வரவழை. இல்லாவிட்டால் மீதியை ஒரே கிளையில் சேர்த்து விலையைக் குறைக்கச் சொல். ஸ்டாக் எடுக்கும் நாளில் நீயே பேர் கொடு. கணக்கில் இருப்பதற்கும் ரேக்கில் இருப்பதற்கும் வித்தியாசம் வந்தால், திருட்டா, பில்லிங் தப்பா, சரக்கு வரும்போதே குறைந்ததா என்று பிரிக்கக் கற்றுக்கொள்.

3. 'இல்லை' என்றதையும் குறித்து வை
ஆடித் தள்ளுபடியில் பழைய ஸ்டாக் கரைந்தால்தான் தீபாவளிச் சரக்குக்கு இடமும் பணமும் கிடைக்கும். அந்தச் சரக்கில் எதை வாங்குவது என்று தெரிய, கஸ்டமர் கேட்டு நம்மிடம் இல்லாத நிறம், விலை, மாடல் எல்லாம் உன் நோட்டில் இருக்கட்டும். கொள்முதலுக்குக் கிளம்புகிறவர்களிடம் அந்தப் பட்டியலைக் கொடு. பர்ச்சேஸ் பக்கம் போக அது ஒரு நல்ல வழி.

4. க்ளோசிங் ட்யூட்டியை விட்டுவிடாதே
கேஷ் எண்ணி, கதவைப் பூட்டிப் பழகாதவரிடம் கடையை ஒப்படைக்க மாட்டார்கள். அதற்காகப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் கடைகள் 24 மணி நேரமும் இயங்க அனுமதித்த அரசாணையே, இரவு 8 மணிக்கு மேல் பெண்கள் வேலை செய்ய எழுத்துபூர்வமான சம்மதமும் தகுந்த பாதுகாப்பும் வேண்டும் என்கிறது. "க்ளோசிங் பார்க்கிறேன், வீடுவரை வண்டி வேண்டும்" என்று இரண்டையும் சேர்த்தே கேள்.

5. எந்தப் பதவி என்று பார்த்து வாங்கு
கஸ்டமர் கேர், ட்ரெய்னிங், ஹெச்.ஆர். என்று பெண்களைச் சுலபமாகத் திருப்பிவிடுவார்கள். நல்ல வேலைகள்தான். ஆனால் ஏரியா மேனேஜராக வேண்டுமென்றால், ஒரு கிளையின் டார்கெட்டும் லாப நஷ்டமும் உன் பேரில் இருந்திருக்க வேண்டும். அப்ரைசலில் சம்பளத்தோடு இதையும் கேள்: "சின்னக் கிளையானாலும் பரவாயில்லை, எனக்கு ஒன்று கொடுங்கள்."

6. டீமுக்காக வாய் திற
நாள் முழுக்க நிற்கும் காலின் வலி உனக்குத் தெரியும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தப்பட்டது. ஃப்ளோர் இன்சார்ஜ் ஆனதும் ஸ்டூல் போட வை. கூட்டமில்லாத நேரத்தில் உட்காரவும் சொல். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழு கட்டாயம். மூத்த பெண் ஊழியர்தான் அதன் தலைவர். அந்தப் பொறுப்பு வந்தால் பேருக்கு இருக்காதே. சட்டத்தைப் படித்துவிட்டு உட்கார்.

7. பிரசவத்தோடு பதவியை முடித்துவிடாதே
முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உன் உரிமை. போவதற்கு முன் உன் விற்பனைக் கணக்கையும், திரும்பி வரும் தேதியையும், வந்து பார்க்கப்போகும் பொறுப்பையும் மெயிலில் அனுப்பிப் பதில் வாங்கிக்கொள். வீட்டிலும் பேசு. தீபாவளி சீசனில் குழந்தையை யார் பார்ப்பது என்பதை ஆடியிலேயே முடிவு செய்.

உனக்கென்று ஒரு கிளை கிடைத்ததும், கவுன்டரில் துறுதுறுவென்று இருக்கும் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு அன்றைய மூன்று எண்களையும் எழுதச் சொல். நீ அடுத்த பதவிக்குப் போகும்போது, "கடையை யாரிடம் விடுவது?" என்ற கேள்விக்கு உன்னிடம் ஒரு பெண்ணின் பெயர் தயாராக இருக்க வேண்டும்.